வேலைக்கு வந்த நாள் முதல் இன்றுவரை: நம்ம வாழ்க்கைக்கே ஒரு ஸ்கிராப் புக், மும்பை மழைக்குத் தாங்கற மாதிரி

முலுண்ட் முகில் (இழையைத் தொடங்கியவர்)

குழந்தைகளுக்கு ஆல்பம் போடுவது பற்றி எங்கே தேடினாலும் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது வேறு. படிப்பு முடித்து வேலைக்கு வந்த வருஷத்திலிருந்து இன்று வரையிலான வாழ்க்கையை ஒரு ஸ்கிராப் புக்காகப் போட வேண்டும். சுமார் 15 வருஷம். கையில் இருப்பவை: ஆஃபர் லெட்டர்கள், சம்பள ஸ்லிப், ரயில் பாஸ், லீவ் அண்ட் லைசென்ஸ் (வாடகை ஒப்பந்த) பத்திரங்கள், ஓட்டல் பில், சினிமா டிக்கெட், போர்டிங் பாஸ், பழைய ஐ.டி. கார்டு, கல்யாணப் பத்திரிகை. படங்கள் ஃபோனிலும் ஹார்ட் டிஸ்கிலுமாக ஆயிரக்கணக்கில்.

எந்த அளவு ஆல்பம், எதை ஒட்டுவது, எதை ஒட்டக் கூடாது, என்ன வரிசை, ஜூலையில் பூஞ்சை பிடிக்காமல் எப்படிக் காப்பது? அலங்கார ஸ்டிக்கர், ரிப்பன் பற்றிய யோசனைகள் வேண்டாம்.

செம்பூர் காயத்ரி

ஆல்பம் வாங்க இப்பவே அப்துல் ரஹ்மான் தெருவுக்குக் கிளம்பிடாதீங்க. முதல் வேலை தேதிப் பட்டியல். அது இல்லாம ஒட்ட ஆரம்பிச்சா, பாதி புத்தகம் முடிஞ்சப்புறம் 2013-ல ஒட்ட வேண்டியது 2016-க்கு நடுவுல கிடைக்கும். நடுவுல ஏடு செருக இடம் இருக்காது.

ஒரு ஷீட்ல நாலு பத்தி போதும்: மாதமும் வருஷமும், வீடு, வேலை, கூட இருந்தவங்க. ஞாபகத்தை நம்பி நிரப்பாதீங்க, சாட்சி வெச்சு நிரப்புங்க.

வேலைக்கு இருக்கற நல்ல சாட்சி பி.எஃப். யூ.ஏ.என். (பி.எஃப். கணக்கு எண்) தளத்துல சர்வீஸ் ஹிஸ்டரின்னு ஒரு பக்கம் இருக்கு. எந்த கம்பெனில என்னிக்குச் சேர்ந்தோம், என்னிக்கு விலகினோம்னு தேதியோட வரும். பாஸ்புக் பி.டி.எஃப். எடுத்தா மாசாமாசம் கட்டின தொகையும் தெரியும். தொகை ஏறின மாசம் பெரும்பாலும் சம்பளம் ஏறின மாசம். (அடிப்படைச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வெச்சுக் கட்டற கம்பெனியா இருந்தா இது காட்டாது. அங்கே கம்பெனி தர்ற வருமான வரிச் சான்று, ஃபார்ம் 16 பாருங்க.)

வீட்டுக்கு லீவ் அண்ட் லைசென்ஸ் பத்திரம். 11 மாசக் கணக்கு. ஆனா தேதியை அப்படியே எடுத்துக்காதீங்க, பதிவு ஒரு நாள், குடிபோன நாள் வேற. அந்த வாரத்து பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பாத்தா டெபாசிட் போன நாளும், டெம்போக்கோ புரோக்கருக்கோ கொடுத்ததும் தெரிஞ்சிரும்.

படங்களுக்கு எச்சரிக்கை: வாட்ஸ்அப் வழியா வந்த படத்துல எடுத்த தேதி அழிஞ்சிருக்கும். ஃபைல் பேர்ல இருக்கற தேதி, உதாரணமா ஐஎம்ஜி-20190714-டபிள்யூஏ0003, அது உங்க ஃபோனுக்கு வந்து சேர்ந்த தேதி. கல்யாணம் முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு ஃபார்வர்ட் ஆன படத்துக்கு அந்த மூணு வாரம் கழிச்ச தேதிதான் இருக்கும். பழைய டிஜிட்டல் கேமராவா இருந்தா இன்னொரு வம்பு: பேட்டரி தீர்ந்து கடிகாரம் மறுபடி ஆரம்பத் தேதிக்குப் போயிருக்கும், நூறு படத்துக்கும் ஒரே ஜனவரி 1. அந்தத் தொகுதில ஒரே ஒரு படத்துக்கு உண்மைத் தேதி கண்டுபிடிச்சா போதும், வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு மத்ததை நகர்த்திடலாம்.

முலுண்ட் முகில்

கூகுள் டைம்லைன் உதவுமா?

செம்பூர் காயத்ரி

ஆன் பண்ணி வெச்சிருந்தா உதவும். ஆனா 2024-லேர்ந்து அந்தத் தரவு ஃபோனுக்குள்ளேயே சேமிக்கற முறைக்கு மாறிடுச்சு, கம்ப்யூட்டர்ல திறந்து பாக்கற வசதி போயிடுச்சு. ஃபோன் மாத்தறதுக்கு முன்னாடி அமைப்புகள்ல போய் ஏற்றுமதி பண்ணி ஒரு காப்பி வெச்சுக்கோங்க.

தாதர் பைண்டர்

அளவு பற்றி. வெளிநாட்டு வீடியோக்களில் 12க்கு 12 அங்குலம் காட்டுவார்கள். இங்கே ஏ4 எடுங்கள். காரணம் மூன்று. உங்கள் கையில் இருக்கும் பத்திரம், ஸ்லிப், லெட்டர் எல்லாம் ஏ4 அல்லது அதற்குச் சற்று நீளமான லீகல். ஏ4 பிளாஸ்டிக் உறை எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும், 12க்கு 12 உறை தேடித் திரிய வேண்டும். ஸ்கேனர் எல்லாம் ஏ4. முடிந்த பக்கத்தை ஸ்கேன் செய்ய நினைக்கும்போது இது தெரியும்.

தாள் 220 முதல் 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை), பளபளப்பில்லாத கார்ட்ரிட்ஜ் எனும் வரைதாள். 150-க்குக் கீழே போனால் படத்தின் கனத்தில் வளையும். 300-க்கு மேல் போனால் முதுகோரத்தில் மடங்காமல் விறைத்து நிற்கும். கறுப்புத் தாள் அழகாகத் தெரியும், ஆனால் மலிவான கறுப்புத் தாளின் சாயம் ஈரத்தில் இறங்கும். ‘ஆசிட் ஃப்ரீ’ என்று அட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள். நியூஸ்பிரின்ட் மாதிரியான தாள்களில் லிக்னின் இருக்கும். அது வெளிச்சத்திலும் காற்றிலும் அமிலமாக மாறி, தானும் பழுத்து, மேலே ஒட்டிய படத்தையும் பழுக்க வைக்கும். பருத்திக் கைக்காகிதமும் நல்லது. புனேயில் 1940-இல் தொடங்கிய கைக்காகித நிலையம் இருக்கிறது, புதுச்சேரி ஆசிரமத்துக் காகிதமும் இருக்கிறது. பூ, இலை பதித்த வகை வேண்டாம். அந்த இலையே கறை விடும்.

தாள் வெட்டும்போது நார் ஓடும் திசை முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த வளைவின் கோட்டோடு நார் ஓடுகிறது. திசை மாறினால் பசை பட்டதும் பக்கம் முழுக்க அலை அலையாகிவிடும்.

அடுத்தது புத்தகம் வாய் பிளப்பது. எல்லாரும் கோட்டை விடும் இடம் இதுதான். கணக்குப் பாருங்கள்: 250 ஜி.எஸ்.எம். தாள் ஏறக்குறைய 0.3 மி.மீ. 40 ஏடு என்றால் முதுகு 12 மி.மீ. ஒவ்வொரு ஏட்டிலும் இரு பக்கமும் படம் ஒட்டினால் ஏட்டுக்கு அரை மி.மீ. கூடும். ஆக முதுகு 12, வாய்ப் பக்கம் 32. மூடினால் விசிறி மாதிரி நிற்கும், முதுகுத் தையல் கிழியும். தீர்வு, இரண்டு ஏட்டுக்கு நடுவே முதுகோரத்தில் 25 மி.மீ. அகலத்தில் அதே தாள் பட்டை இரண்டு வைத்துக் கட்டுவது. அல்லது ஏடுகளைக் கழற்றி மாட்டும் பைண்டிங் ஸ்க்ரூ. ஸ்பைரல் வேண்டாம், கம்பியில் ஓட்டை கிழியும்.

கிங்ஸ் சர்க்கிள் சங்கரன்

பில், டிக்கெட் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், அது எல்லாவற்றையும் விட அவசரம்.

ஓட்டல் பில், ஏ.டி.எம். சீட்டு, கார்டு மெஷின் சீட்டு, மால் சினிமா டிக்கெட், மெட்ரோவின் கியூ.ஆர். சீட்டு எல்லாம் பெரும்பாலும் தெர்மல் தாள். அதில் மை கிடையாது. தாளின் மேற்பூச்சில் நிறமற்ற சாயமும் அதைக் கிளப்பும் இன்னொரு வேதிப் பொருளும் இருக்கும், சூடு பட்ட இடத்தில் இரண்டும் கலந்து கறுப்பாகும். அந்தக் கறுப்பு நிலையானதல்ல. சூடு, வெயில், ஈரம், கைச் சானிடைசரின் ஆல்கஹால், பி.வி.சி. உறையிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள், செல்லோ டேப்பின் பசை, எதுவும் அதை அழித்துவிடும். டேப் ஒட்டிய இடம் மட்டும் வெள்ளையாகிப்போன பில்லை எல்லாரும் பார்த்திருப்போம்.

தெர்மலா என்று அறிய ஓரத்தில் நகத்தால் வேகமாக ஒரு கீறு. உராய்வுச் சூட்டில் சாம்பல் கோடு விழுந்தால் தெர்மல்.

பத்திரமாக இருக்கட்டும் என்று இதை லேமினேட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். ரோலர் சூட்டில் சீட்டு முழுக்க ஒரே கறுப்பாக வெளியே வரும். மீட்க வழியே இல்லை.

செய்ய வேண்டியது: இன்றே 400 டி.பி.ஐ.யில் கலரில் ஸ்கேன். எழுத்து ஏற்கெனவே மங்கியிருந்தால் ஸ்கேன் செய்த படத்தில் நீலச் சேனலை மட்டும் தனியே எடுத்துக் கான்ட்ராஸ்ட் கூட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாதது பல சமயம் தெரியும். அதை ஆசிட் ஃப்ரீ தாளில் லேசர் பிரின்ட் எடுத்து, அசல் அளவிலேயே வெட்டி, அந்த நகலைத்தான் ஒட்ட வேண்டும். லேசர் டோனரின் கறுப்பு கார்பன், மங்காது. அசலை வீசப் பிடிக்கவில்லையென்றால் காகித உறையில் தனியே வையுங்கள். மற்ற தாள்களோடு முகத்தோடு முகம் படக் கூடாது.

தாராவி செல்வம்

ஒட்டறதுக்கு எதுக்கு இவ்ளோ யோசனை? மைதா பசை காய்ச்சி, ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டா பூச்சியும் வராது. கணக்கு நோட்டு பைண்டிங் எல்லாம் காலங்காலமா இதுலதான். நல்லாத்தானே நிக்குது.

தாதர் பைண்டர்

அட்டைக்குத் துணி ஒட்ட மைதா பசை நல்லதுதான் செல்வம். படத்துக்கு வேண்டாம். மயில்துத்தத்தின் செம்பு பூச்சியை நிறுத்தும், கூடவே காகித நாரையும் மெல்ல அரிக்கும். பழைய பேரேடுகளில் அட்டையோரம் மட்டும் பழுப்பேறி ஒடிவதைப் பாருங்கள். மயில்துத்தம் இல்லாமல் போட்டால் மாவு வாசனைக்குக் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் வரும். ஃபெவிகால் வகை வெள்ளைப் பசையில் தண்ணீர் அதிகம், மெல்லிய தாள் சுருங்கும், அதோடு காய்ந்த பிறகு எடுக்கவே முடியாது. ரப்பர் சொல்யூஷன் சில வருஷத்தில் பழுப்புக் கறை. இரட்டைப் பக்க டேப்பும் அதே கதி.

என் விதி ஒன்றே. திரும்ப எடுக்க முடியாத எதையும் அசல் மேல் தடவாதே. படத்துக்கு நாலு மூலையிலும் காகித கார்னர். டிக்கெட்டுக்கு, பக்கத்தில் பிளேடால் சாய்வாக நாலு கீறல் போட்டு மூலைகளைச் செருகுவது. லெட்டருக்கு, ஏட்டில் ஒட்டிய காகிதப் பை. நகல்களை மட்டும் குளூ ஸ்டிக் போட்டு ஒட்டலாம், அதுவும் நாலு ஓரத்தில் மட்டும்.

கார்னர் வெளியில் வாங்கத் தேவையில்லை. 15 மி.மீ. அகல ஆசிட் ஃப்ரீ பட்டையை 30 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, இரு முனையையும் நடுக்கோட்டுக்கு மடித்தால் முக்கோணப் பை. படத்தின் மூலையில் மாட்டிப் பின்பக்கம் பசை. படத்தை இறுக்கிச் செருகாமல் ஒரு மி.மீ. தளர்வு விடுங்கள். மழைக்காலத்தில் தாள் விரியும். இடமில்லையென்றால் நடுவில் உப்பும்.

தாராவி செல்வம்

செம்பு அரிக்கறது தெரியாது அண்ணே. சரி, கார்னர்தான்.

முலுண்ட் முகில்

ஒரு பழைய ஸ்டிக்கி ஆல்பத்தில் முதல் நாலு வருஷத்துப் படங்கள் இருக்கின்றன. மேலே பிளாஸ்டிக் தாள், கீழே கோடு கோடாகப் பசை. படம் வர மறுக்கிறது.

கிங்ஸ் சர்க்கிள் சங்கரன்

இழுக்காதீர்கள். முதலில் ஆல்பத்திலேயே வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். எடுக்கும்போது கிழிந்தாலும் உருவம் தப்பும். பிறகு மெழுகு பூசாத பல் நூல் (டென்டல் ஃப்ளாஸ்) ஒரு முழம், இரு கையிலும் சுற்றி, படத்தின் மூலையில் நுழைத்து, ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் மெல்ல இழுத்துக்கொண்டே கீழே வாருங்கள். பக்கம் வளையலாம், படம் வளையக் கூடாது. அசையவில்லை என்றால் பக்கத்தின் பின்புறத்திலிருந்து ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் சில நொடிகள். பின்னால் மிச்சமிருக்கும் பிசினைச் சுரண்ட வேண்டாம், கேக் சுடப் பயன்படும் சிலிகான் பூசிய தாளில் வைத்தால் வேறு எதிலும் ஒட்டாது.

பிளாஸ்டிக் உறை வாங்கும்போது பி.வி.சி.யைத் தவிர்க்க வேண்டும். புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் சந்தேகப்படுங்கள். ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டு விரலால் அமுக்கிவிடுங்கள். பாலிபுரொப்பிலீன் மேலே மிதந்து வரும், பி.வி.சி. முழுகும். (பாலியெஸ்டரும் முழுகும், ஆனால் அது கண்ணாடித் தெளிவாக, சலசலவென்று விறைப்பாக இருக்கும். அது நல்ல வகை.) கடைக்காரர் ‘பி.பி.’ என்று சொன்னால் அதுதான் வேண்டியது.

நெருள் நித்யா

பிரின்ட் போடறதைப் பத்தி யாரும் சொல்லலை.

ஃபோன் படம் 4:3. லேப்ல போடற 4க்கு 6 அங்குல பிரின்ட் 3:2. நீங்க எதுவும் சொல்லலேன்னா மெஷின் மேலயும் கீழயும் வெட்டும். குரூப் போட்டோல பின்வரிசை ஆளோட தலை போறது இதனாலதான். ‘வெட்டாம, வெள்ளை ஓரம் விட்டு’ன்னு எழுதியே கொடுங்க. இல்லேன்னா நீங்களே 4.5க்கு 6 அளவுல வெச்சு அனுப்புங்க.

4க்கு 6 நல்லா வர 1200க்கு 1800 பிக்சல் இருந்தா தாராளம். வாட்ஸ்அப்ல சுருங்கி வந்ததை 3க்கு 4-ல போட்டா பழுது தெரியாது, அதை 8க்கு 10 ஆக்காதீங்க.

வீட்டு இங்க்ஜெட்டை நம்ப வேண்டாம். சாய மை மும்பை ஈரத்துல பரவும், நிறம் மாறும். லேப்ல வெள்ளி உப்புத் தாள்ல கழுவி எடுக்கற பிரின்ட் இங்கே நல்லா நிக்கும். ஆனா அதோட மேல்பூச்சு ஜெலட்டின், ஈரத்துல இளகி எதிர்ப்பக்கத்துப் படத்தோட ஒட்டிக்கும். எதிரெதிர் பக்கத்துல படம் வந்தா நடுவுல ஒரு வழவழப்பான ஆசிட் ஃப்ரீ மெல்லிய தாள் வைங்க.

சின்னச் சின்னதா நிறைய வேணும்னா 12க்கு 18 அங்குல டிஜிட்டல் பிரின்ட் ஷீட் ஒண்ணுல 3க்கு 4 அளவுல 18 படம் அடுக்கலாம். விஸிட்டிங் கார்டு அடிக்கற கடைலயே செய்வாங்க. மெஷின் ஓரத்துல கொஞ்சம் விடும், அதனால 12-ஓட நிறுத்திக்கிட்டு வெட்ட இடம் விடுங்க. டோனர் மடிப்புல வெடிக்கும், மடிக்கக் கூடாது.

செம்பூர் காயத்ரி

வரிசைக்கு வரேன். வருஷ வாரியா போடாதீங்கன்றது என் கட்சி. குழந்தைக்கு வருஷ வாரி பொருந்தும், வருஷா வருஷம் மாறுது. நமக்கு 2014-க்கும் 2015-க்கும் என்ன வித்தியாசம்? அதே 8.12 லோக்கல், அதே டப்பா, அதே மேஜை. வருஷத்துக்கு நாலு பக்கம்னு ஒதுக்கினா மூணு வருஷம் பிறந்தநாள் கேக்கும் ஆபீஸ் பிக்னிக்கும்தான் நிரம்பும். வீட்டு வாரியா போடுங்க. வீடு மாறினா வழி, கடை, பக்கத்து வீடு, வாடகை, கூட இருக்கறவங்க எல்லாமே மாறுது. ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் பக்கத்துல கையால ஒரு தரைப்படம் வரைங்க. அளவு சரியா இல்லாட்டி பரவாயில்லை. கட்டில் எங்க, பீரோ எங்க, தண்ணி டிரம் எங்க, எந்த ஜன்னல்ல வெயில், எந்தச் சுவத்துல ஒழுக்கு. போட்டோ எடுக்காத வீட்டுக்கு இது ஒண்ணுதான் கதி.

நெருள் நித்யா

ஒரே வீட்டுல 15 வருஷம் இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க அக்கா? சொந்த ஃபிளாட்டும் சொசைட்டியுமா உக்காந்துட்டவங்களுக்கு உங்க முறை ஒரே அத்தியாயம்.

கிங்ஸ் சர்க்கிள் சங்கரன்

அவர்களுக்கு ரயில் பாஸ் வாரி. மும்பையில் இதுதான் இயல்பான அத்தியாயம். பாஸில் எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷன், எந்த வழி, எந்த வகுப்பு, எது முதல் எது வரை எல்லாம் அச்சாகியே இருக்கும். செகண்ட் கிளாஸிலிருந்து ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு மாறிய மாதம், மூன்று மாதப் பாஸ் எடுக்கத் துணிந்த மாதம், பாஸே எடுக்காத 2020-இன் மாதங்கள். பாஸ்களை மட்டும் ஒரே பக்கத்தில் வரிசையாகச் செருகுங்கள், வேறு விளக்கம் தேவைப்படாது. நகத்தால் கீறிப் பார்க்க மறக்காதீர்கள். கோடு விழும் பாஸுக்கு நகல்தான்.

செம்பூர் காயத்ரி

சரி, தோத்தேன். வீடு மாறாதவங்களுக்கு ஸ்டேஷன்.

தேர்வுக்கு ஒரு அளவு: வீட்டுக்கு, இல்லேன்னா ஸ்டேஷனுக்கு, 6 ஏடு. அதாவது 12 பக்கம். அதுல பாதியாவது அன்றாடத்துக்குப் போகணும். போஸ் கொடுத்த படம் எல்லார்கிட்டயும் இருக்கு. சமையல் மேடை, செருப்பு ஸ்டாண்டு, ஆபீஸ் மேஜை, மளிகைப் பட்டியல், மின்சார பில், பால்காரர் கணக்கு அட்டை, இதெல்லாம் ரத்திக் கடைக்கு (பழைய பேப்பர் கடை) போனா திரும்பாது. படத்தை ஃபோன்ல தேடும்போது பின்னணியைப் பாருங்க. நண்பர் சிரிக்கற படத்துக்குப் பின்னாடிதான் அந்த அறையோட ஒரே சாட்சி இருக்கும். அந்தப் பகுதியை மட்டும் வெட்டிப் பெரிசாக்கலாம், நண்பரையும் ஓரமா வெச்சுக்கோங்க.

குறிப்பு எழுதும்போது ‘இனிய நினைவுகள்’ வேண்டாம். யார் (முழுப் பேர், உறவு), எங்கே, என்னிக்கு, யார் எடுத்தது, அப்போ என்ன விலை. ‘வாடகை இவ்வளவு, டெபாசிட் இவ்வளவு, தண்ணி காலைல 5 முதல் 6 வரை’ன்னு ஒரு வரி, அரைப் பக்க உணர்ச்சியை விட நிறைய சொல்லும்.

முலுண்ட் முகில்

எழுத எந்தப் பேனா?

நெருள் நித்யா

பிக்மென்ட் மைப் பேனா, 0.3 இல்லேன்னா 0.5. ஓவியக் கடைல சாகுரா பிக்மா மைக்ரான் கிடைக்கும். பால்பாயின்ட், ஜெல் பலது சாய மை, மங்கும், தண்ணி பட்டா ஓடும். லேப் பிரின்ட்டோட பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, அங்கே பென்சில் பிடிக்காது, பேனா காயாது, அடுக்கினா அடுத்த படத்து முகத்துல பதியும். படத்து பின்னாடி எழுதாதீங்க, ஏட்டுல எழுதுங்க. படத்துக்கு ஒரு நம்பர், கீழே அதே நம்பருக்குக் குறிப்பு.

கிங்ஸ் சர்க்கிள் சங்கரன்

பத்திரங்கள் பற்றி இரண்டு சொல். அசல் எதையும் ஒட்டாதீர்கள், ஓட்டை போடாதீர்கள். லீவ் அண்ட் லைசென்ஸ் பத்திரத்தில் பான், ஆதார், கைரேகை, வீட்டுக்காரரின் விவரம் எல்லாம் இருக்கும். முதல் பக்க நகல் போதும். எண்களை மறைக்க நகல் மேல் கறுப்பு மார்க்கர் மட்டும் அடித்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். மார்க்கர் அடித்ததை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து அந்த இரண்டாம் நகலை ஒட்டுங்கள். ஆதார் வேண்டுமானால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் இறக்கிக்கொள்ளலாம். போர்டிங் பாஸில் பெயரையும் பி.என்.ஆர்.ஐயும் மறைத்தால் போதாது, பக்கத்தில் உள்ள பார்கோடிலும் அதே விவரம் இருக்கிறது. அதையும் மறையுங்கள். ஆல்பப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடும்போதுதான் இது ஆபத்தாகிறது.

பழைய 500, 1000 ரூபாய் நோட்டு வைக்க ஆசைப்படுவீர்கள். 2016 நவம்பர் 8 நள்ளிரவு முதல் செல்லாததானவை. 2017 சட்டப்படி ஒருவர் மொத்தம் 10 நோட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கும் நாணய சேகரிப்புக்கும் 25 வரை. ஒன்றிரண்டு வைப்பதில் சிக்கல் இல்லை. பாலிபுரொப்பிலீன் உறையில் வையுங்கள், ஒட்ட வேண்டாம்.

ஆஸ்பத்திரிக் காகிதம், வேலை போன கடிதம், முறிந்த உறவு, இவற்றை விட்டுவிட்டால் தேதிப் பட்டியலில் ஓட்டை விழும். அந்த இடத்தில் மூடிய காகித உறை ஒன்றை வைத்து, வெளியே மாதமும் வருஷமும் மட்டும் எழுதினால் போதும். உள்ளே இருப்பது உங்கள் இஷ்டம். இன்னொருவரின் கடிதமோ படமோ என்றால் அவரைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

முலுண்ட் முகில்

மழை?

தாதர் பைண்டர்

ஒட்டும் வேலையை நவம்பர் முதல் மார்ச்சுக்குள் முடியுங்கள். ஜூலையில் மும்பையின் ஈரப்பதம் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல். அப்போது தாள் விரிந்திருக்கும். விரிந்த நிலையில் ஒட்டியது ஜனவரியில் சுருங்கும்போது இழுத்துப் பிடித்து மடிப்பு விழும்.

65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை முளைக்கும். லேமிங்டன் ரோடில் சின்ன டிஜிட்டல் ஈரமானி கிடைக்கும், ஒன்றை ஆல்பம் இருக்கும் டப்பாவுக்குள்ளேயே வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஊறும். லாஃப்டும் வேண்டாம், கோடையில் சூடு. உள்சுவர் ஓரம், தரையிலிருந்து ஓர் அடி மேலே.

ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் டப்பா எடுத்து சிலிக்கா ஜெல் போடுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் பொடிப் பொட்டலம் ஒன்றும் செய்யாது. 2 கிலோ ஆல்பம் 80 சதவீத ஈரத்திலிருந்து 50-க்கு இறங்கும்போது 60 முதல் 80 கிராம் தண்ணீரை விடும். ஜெல் தன் எடையில் நாலில் ஒரு பங்கு உறிஞ்சும். ஆகவே குறைந்தது 320 கிராம். ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்குங்கள். நீலத்தில் கோபால்ட் குளோரைடு உண்டு, அதைச் சமையல் ஓவனில் வைத்துக் காய்ச்சக் கூடாது. ஆரஞ்சு நிறம் மாறியதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி தயார். அதற்கு மேல் சூடு போனால் நிறம் காட்டும் பூச்சு கெடும்.

நாப்தலின் உருண்டை வேண்டாம். அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் படத்தின் பூச்சையும் இளக்கும்.

தாராவி செல்வம்

இராமபாணப் பூச்சி ஏற்கெனவே உள்ள பூந்துட்டா?

கிங்ஸ் சர்க்கிள் சங்கரன்

ஜிப் உறையில் காற்றை வெளியேற்றி மூடி, மேலே இன்னொரு உறை போட்டு, டீப் ஃப்ரீஸரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்க உறையைத் திறக்காதீர்கள், உடனே திறந்தால் குளிர்ந்த தாளின் மேல் தண்ணீர் கோக்கும். ஃபிரிட்ஜின் மேல்தட்டு ஃப்ரீஸர் அந்தக் குளிருக்குப் போகிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய படம், உடைந்த பூச்சு உள்ள பழைய படம் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

முலுண்ட் முகில்

சாவி, ஐ.டி. கார்டு, பழைய சிம், கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் தடவிய ஓரம்?

தாதர் பைண்டர்

சாவி துருவேறும், பக்கத்தில் அழுத்துத் தடம் விழும். சாவியை ஸ்கேனர் மேல் வைத்து ஸ்கேன் செய்யுங்கள், அசல் அளவில் வரும். சாவி தனி டப்பியில். ஐ.டி. கார்டு பெரும்பாலும் பி.வி.சி., படத்துக்கு எதிரே வராமல் தனி ஏட்டில் காகிதப் பையில். பத்திரிகையின் மஞ்சள் வெயிலில் வெளுக்கும், குங்குமம் எதிர்ப்பக்கம் ஏறும். நடுவே ஒரு தாள்.

முலுண்ட் முகில்

கடைசியாக: ஸ்க்ரூ கட்டப் போகிறேன். ஏட்டில் ஓட்டை எங்கே போடுவது? பின்னாடி ரிங் ஃபைலுக்கு மாற வேண்டி வந்தால்?

தாதர் பைண்டர்

ஆபீஸ் ஃபைல் அளவிலேயே போடுங்கள். ஓட்டையின் விட்டம் 6 மி.மீ., ஓரத்திலிருந்து நடுப்புள்ளி 12 மி.மீ., இரண்டு ஓட்டைக்கு நடுவே 80 மி.மீ. ஏட்டின் உயரத்துக்கு நட்டநடுவில் வரும்படி குறியுங்கள். ஏ4 உயரம் 297, ஆக மேலிருந்து 108.5-ல் ஒன்று, 188.5-ல் ஒன்று. இரட்டை ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினில் 250 ஜி.எஸ்.எம். தாளை இரண்டிரண்டு ஏடாகப் போடுங்கள், ஐந்தாறு சேர்த்தால் அடித்தாள் நகரும். ஸ்க்ரூ நீளம், ஏடு, பட்டை, அட்டை எல்லாம் அமுக்கிப் பிடித்து அளந்த கனத்தோடு 3 மி.மீ. கூட. இடது ஓரத்தில் 30 மி.மீ. எதுவும் ஒட்டாமல் விடுங்கள், அங்கேதான் ஏடு மடங்கும். மடங்க வேண்டிய கோட்டை மையில்லாத பேனா முனையால் ஸ்கேல் வைத்து ஒரு முறை அழுத்திவிட்டால் சுலபமாகத் திரும்பும்.